சுரங்கம் மூடியாச்சு, கழிவு மூடவில்லை

ஜார்க்கண்டின் சாய்பாசா அருகே ரோரோ மலையில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கம் 1983-ல் மூடப்பட்டது. சுமார் 7 லட்சம் டன் கழிவை மலைச்சரிவிலேயே விட்டுவிட்டு நிறுவனம் வெளியேறியது. மழை அதை அடிவாரத்து வயல்களுக்கு அடித்து வருகிறது. அங்கே வாழ்பவர்கள் ஹோ பழங்குடியினர்.

கண்ணுக்குத் தெரியாத ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலில் தங்கினால், நோய் வெளிப்பட 20, 30 ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால்தான் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என 1995-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

கழிவை மண்ணால் மூடி, செடி வளர்த்து, வேலி போட வேண்டும். ஊர்மக்களைத் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதே சட்டம். லாபம் நிறுவனத்துக்கு, நஞ்சு பழங்குடிக்கு: ஊர்க்குப்பை சேரியோரம் கொட்டப்படுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.