உடம்புக்கும் குலக்கல்வியா?

சென்ற இதழில் குத்துச்சண்டைப் பயிற்சி பற்றித் தோழர் ஒருவர் எழுதியிருந்ததை வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். தண்டாலும் பஸ்கியும் உழைக்கும் மக்களின் பயிற்சியாம். பார்பெல்லும் டம்பெல்லும் கண்ணாடி முன்னால் நின்று சதையை ரசிக்கும் மேட்டுக்குடிப் பயிற்சியாம். உழைப்பால் உரமேறிய தலித் உடலுக்கு இரும்பு எதற்கு என்று கேட்டு முடித்திருந்தார். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன். தோழர் நல்ல மனிதர். பல கூட்டங்களில் ஒன்றாக நின்றிருக்கிறோம். ஆனால் இந்தக் கேள்வியை நான் ஏற்கனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அன்று கேட்டவர் தோழர் அல்ல.

கல்லூரியில் படிக்கும்போது குத்துச்சண்டை அணியில் இருந்தேன். பெரிதாக ஒன்றும் கிழித்துவிடவில்லை, இரண்டு போட்டி ஜெயித்தேன், மூன்று தோற்றேன். அங்கே ஒரே ஒரு பார்பெல் இருந்தது. மற்ற பையன்கள் வரிசையில் நின்று தூக்கினார்கள். நானும் போய் நின்றேன். பயிற்சியாளர் சொன்னார்: "உனக்கெதுக்குடா இது? நீங்கள்லாம் மூட்டை தூக்குற பரம்பரை. பொறக்கறப்பவே பலத்தோட பொறந்தவங்க. போய் நூறு தண்டால் எடு." எல்லாரும் சிரித்தார்கள். பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் உறுத்துகிறது. போய் நூறு தண்டால் எடுத்தேன்.

1953-ல் ராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் செய்கிற தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் போராடி 1954-ல் அதைத் துரத்தினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தப்பட்டது, கோதாவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. உன் அப்பன் சுமந்தான், ஆகவே உனக்குப் பலம் இருக்கிறது, ஆகவே உனக்குப் பயிற்சி வேண்டாம். எதிரி இதை ஏளனமாகச் சொல்கிறான், தோழர் பெருமையாகச் சொல்கிறார். கடைசியில் இரும்பு யார் கையில் இருக்கிறது? அவன் கையில்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1930-களில் ஜோ லூயிஸ் எழுந்து வந்தபோது வெள்ளைப் பத்திரிகைகள் அவரைக் காட்டு விலங்கோடு ஒப்பிட்டு எழுதின. இயல்பூக்கத்தால் அடிக்கிறவராம். ஜாக் பிளாக்பர்ன் என்ற கறுப்பினப் பயிற்சியாளர் அவருக்குக் கால் வைப்பதிலிருந்து சொல்லிக்கொடுத்த உழைப்பு அவர்கள் கண்ணில் படவில்லை. அடிமைப்பட்டவன் ஜெயித்தால் அது இயற்கை, ஆண்டவன் ஜெயித்தால் அது அறிவு!

சரி, விஷயத்துக்கு வருவோம். குத்து தோளில் பிறப்பதில்லை. பின்னங்கால் தரையை உதைக்கிறது, இடுப்பு திரும்புகிறது, முதுகும் வயிறும் அந்த விசையைச் சிந்தாமல் மேலே கடத்துகின்றன, கடைசியில்தான் முஷ்டி. இந்தச் சங்கிலியில் தண்டால் எங்கே இருக்கிறது? தண்டால் எடுக்கும்போது கை தாங்குவது உடல் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. அறுபது கிலோ பையனுக்கு நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முதல் மாதம் பத்து எடுக்கத் திணறுவான், அப்போது பலம் ஏறுகிறது. ஆறாம் மாதம் எண்பது எடுக்கிறான். எடை அதேதான், எண்ணிக்கைதான் கூடியது. இப்போது வளர்வது தாக்குப்பிடிக்கும் சக்தி. அது வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? மூன்றாவது ரவுண்டில் கை தொங்காமல் இருக்க அது வேண்டும்தான். ஆனால் முட்டிக்கொண்டு கட்டிப்பிடிக்கும் நேரத்தில் எதிராளியை நகர்த்துவதும், ஒரே குத்தில் அவன் கால் பின்னால் போக வைப்பதும் வேறு பலம். அதற்குச் சுமை கூடிக்கொண்டே போகவேண்டும். ஐநூறு பஸ்கி எடுக்கிறவன் ஐநூறு பஸ்கிக்குப் பழகியிருக்கிறான், அவ்வளவுதான்.

சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதை ஒரு முறையாக வகுத்தவர்களில் தாமஸ் டெலார்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் முக்கியமானவர். இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்களின் கால்களை அவர் எடை தூக்க வைத்துத் தேற்றினார். நொந்துபோன உடம்பை எழுப்ப வந்த முறை இது. இதில் மேட்டுக்குடி எங்கிருந்து வந்தது?

தோழரின் இன்னொரு வாதம், தண்டால் மண்ணின் பயிற்சி, இரும்பு அந்நியம். முதலில், நாம் பேசிக்கொண்டிருப்பது ஆங்கிலக் குத்துச்சண்டை. கையுறையே அந்நியம். வெள்ளைக்காரனிடமிருந்து வடசென்னை அதைப் பிடுங்கித் தன்னுடையதாக்கிக்கொண்டது, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் கட்டியது. பிடுங்கத் தெரிந்த சனத்துக்குப் பார்பெல்லைப் பிடுங்கத் தெரியாதா? தண்டால் மட்டும் என்ன சேரியில் முளைத்ததா, வடநாட்டு மல்யுத்தக் கூடங்களின் 'தண்ட்'தானே அது? கர்லாக்கட்டை எடை இல்லையா? தென்மாவட்டக் கிராமங்களில் கிடக்கும் இளவட்டக்கல் பஞ்சு மூட்டையா?

இன்னொரு பயம் உண்டு, இதைத் தோழர் சொல்லவில்லை, நம்ம பேட்டை வாத்தியார்கள் சொல்வார்கள். "இரும்பத் தொட்டா ஒடம்பு இறுகிடும்பா, கை வராது." இதில் பாதி உண்மை. குத்துப் பயிற்சியை விட்டுவிட்டு இரண்டு மணிநேரம் புஜத்தைப் புடைக்க வைத்தால் கை வராதுதான். அதிக எடையை மூன்று முறை, ஐந்து முறை தூக்கிவிட்டு நன்றாக ஓய்வெடுத்து மறுபடி தூக்குவது வேறு. அதில் சதை அதிகம் ஏறாது. இருக்கிற சதையில் தூங்கிக்கொண்டிருக்கும் நார்களை நரம்பு எழுப்பக் கற்றுக்கொள்கிறது. எடைப்பிரிவு தாண்டாமல் பலம் வரும். 1985-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸ் தன் எடைப்பிரிவைத் தாண்டி மேலே போய் ஹெவிவெயிட் வீரர் லாரி ஹோம்ஸோடு மோதினார். ஹோம்ஸ் அதுவரை 48 போட்டிகளில் தோற்காதவர். ஸ்பிங்க்ஸ் நீண்ட தூர ஓட்டத்தைக் குறைத்து, எடைப் பயிற்சியும் உணவுத் திட்டமுமாகத் தயாரானார். பழைய ஆட்கள் சிரித்தார்கள். பதினைந்து ரவுண்டு நின்று ஸ்பிங்க்ஸ் ஜெயித்தார்.

முகமது அலி எடை தூக்கவில்லையே என்பார்கள். உண்மை. முகமது அலி மாதிரி கால் இருக்கிறவர்கள் தூக்க வேண்டாம்.

டம்பெல்லைக் கையில் பிடித்துக்கொண்டு காற்றில் குத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல் வரும். எடை கீழே இழுக்கிறது, குத்து முன்னால் போகவேண்டும். தோள்தான் நோகும். கம்பியில் தொங்கி எழுவதற்கு ஈடாக எந்த இயந்திரமும் நான் பார்த்ததில்லை, காசும் இல்லை. இதையெல்லாம் விடச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி பயிற்சிக்கு வருகிறாள். அவளால் ஒரு தண்டால்கூட எடுக்க முடியவில்லை. அழுதுகொண்டு ஓரமாக நின்றாள். இரண்டு கையிலும் மூன்று மூன்று கிலோ கொடுத்துப் படுக்கவைத்துத் தூக்கச் சொன்னோம். மூன்று நாலானது, நாலு ஐந்தானது. உடல் எடையைக் குறைத்துக் கையில் கொடுக்க முடியாது, இரும்பைக் கொடுக்கலாம். தோழரின் கட்டுரையில் பெண்ணே இல்லை. 2012 முதல் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துகிறார்கள் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

உழைப்பு உரமேற்றும் என்ற இடத்துக்கு வருகிறேன். என் அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை சுமந்தவர். நூறு கிலோ மூட்டை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே ஓர் ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் எடைக்கு 55 கிலோவை எல்லையாகப் பரிந்துரைத்துவிட்டது. அது எங்கள் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்து சேரவில்லை. நாற்பத்தைந்து வயதில் அவருக்கு முதுகு போனது. கீழே விழுந்த பீடியைக் குனிந்து எடுக்க முடியாமல் என்னைக் கூப்பிடுவார். சுமப்பதே பயிற்சி என்றால் அவர் ஊரிலேயே பெரிய பலசாலியாக அல்லவா இருந்திருக்கவேண்டும்? பயிற்சியில் ஐந்து முறை தூக்கிவிட்டு மூன்று நிமிஷம் உட்காரலாம். முதுகு வளைந்தால் வாத்தியார் இறக்கச் சொல்வார். இன்று முடியவில்லை என்றால் நாளை. அப்பாவுக்கு இறக்கச் சொல்ல ஆளில்லை, சீக்கிரம் ஏற்றச் சொல்லத்தான் மேஸ்திரி இருந்தான். உடம்பு ஓய்வில்தான் பலப்படுகிறது. அவருக்குக் கிடைக்காதது அதுதான்.

மீராபாய் சானு 2021-ல் டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கினார். பத்திரிகைகள் எல்லாம் அவர் சின்ன வயதில் விறகுக்கட்டு சுமந்ததை எழுதின. விறகு சுமக்கும் பெண்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்? அவர்களுக்கெல்லாம் எங்கே பதக்கம்? அவருக்கு இம்பாலில் ஒரு பயிற்சிக்கூடம் கிடைத்தது, பார்பெல் கிடைத்தது, அதற்கப்புறம்தான் 87-ம் 115-ம் சேர்ந்து 202 கிலோ. விறகை மட்டும் எழுதுகிறவன் கூடத்தைக் கட்டித்தர வேண்டியதில்லை. சுகமான வேலை.

சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. எடை தூக்கிய உடம்பு புரதம் கேட்கும். முட்டையும் மாட்டுக்கறியும் நம்மால் வாங்க முடிந்தவை. காலையில் வறுத்த கறி தின்றுவிட்டு வந்த பையனை, வாடை அடிக்கிறது தள்ளி நில் என்று சொன்ன ஜிம்மும் நம்ம பக்கத்தில் இருக்கிறது. மாதக் கட்டணம் கட்டிய பிறகுதான் அந்த மூக்குக்கு வாடை தெரிந்தது.

அந்தப் பையன் இப்போது எங்களிடம் வருகிறான். ஆரம்பத்தில் எங்களிடம் இருந்தது இரண்டு நெய் டின்னில் சிமெண்ட் ஊற்றி நடுவில் பைப் சொருகியது. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு. பிறகு நான் வங்கியில் பண்டிகை முன்பணம் வாங்கி ஒரு பார்பெல்லும் தட்டுகளும் வாங்கினேன். வீட்டில் திட்டு விழுந்தது, அது வேறு கதை. ஓட்டம், கயிறு, மூட்டைக் குத்து, தண்டால் எல்லாம் வழக்கம்போல நடக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இரும்பு. பையன் அறுபது கிலோ எடையில்தான் இன்னும் இருக்கிறான். டின் காலத்தில் முப்பது கிலோவை முதுகில் வைத்தால் கால் ஆடும். போன ஞாயிற்றுக்கிழமை எழுபத்தைந்தை வைத்து ஐந்து முறை உட்கார்ந்து எழுந்தான். பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ தட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தோழர் வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு வந்தால், எழுபத்தேழரையைத் தூக்கும்போது பின்னால் நின்று பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.