ஊட்டி யார் கட்டிய ஊர்?

மே மாதம் பிறந்தால் போதும், மேட்டுப்பாளையத்தைத் தாண்டிய மலைப்பாதையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து ஏறத் தொடங்கிவிடும். மேலே போனவர்கள் பார்க்கும் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றேதான்: தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, டிக்கெட் கிடைத்தால் மலை ரயில். பிறகு வர்க்கி, சாக்லேட், நீலகிரித் தைலம். ஊரின் வரலாறு என்று கேட்டால் பெரும்பாலோரிடம் இருப்பது ஒரே வரி: “வெள்ளைக்காரன் கட்டின ஊர்.”

அந்த வரியில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியையும் சொல்லும் பொறுப்பு ஊட்டிக்கு இருக்கிறது.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறினார். கோத்தகிரி பக்கத்தில் முதலில் தங்கியவர், சில ஆண்டுகளில் உதகையில் கல் பங்களா கட்டினார். அதற்கான நிலத்தை மலைவாழ் மக்களான தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு அவர் வாங்கியதாகப் பதிவுகள் சொல்கின்றன. ஏரியை வெட்டுவித்ததும், உருளைக்கிழங்கு உள்ளிட்ட ஐரோப்பியக் காய்கறிகளைக் கொண்டுவந்ததும் அவர்தான். இவ்வளவையும் சுற்றுலாக் கையேடுகள் சொல்லிவிடும். மலைநிலத்தின் உரிமை தோடர்களுக்கே உரியது என்று அதே சலிவன் கிழக்கிந்தியக் கும்பெனி அரசிடம் வாதாடியதும், அந்த வாதம் எடுபடாமல் போனதும் கையேடுகளில் அரிதாகவே இடம் பெறுகின்றன. தாவரவியல் பூங்காவுக்கு வரும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அதன் மேல்முனையை ஒட்டியே தோடர்களின் குடியிருப்பான ஒரு மந்து இருப்பது தெரியும்? பூங்கா 1840-களின் இறுதியில் உருவானது. மந்தைச் சேர்ந்தவர்கள் அதற்கும் வெகுகாலம் முன்பிருந்து அந்த மலையில் எருமை மேய்த்தவர்கள். அவர்களது பூந்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

புனித ஸ்டீபன் தேவாலயத்தைப் பாருங்கள். 1829-ல் அடிக்கல் நாட்டி, மறு ஆண்டே அர்ச்சிக்கப்பட்ட கட்டடம். அதன் உத்திரங்களும் மரவேலைகளும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. தோற்ற அரசனின் மரம், வென்றவர்களின் வழிபாட்டுக் கூரையைத் தாங்குகிறது. நல்ல சாலைகூட இல்லாத காலத்தில் அதை மலைமேல் ஏற்றிய கூலிகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

மலை ரயிலின் கதையும் இதுவே. 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் உதகை வரையும் ஓடத் தொடங்கியது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள், 208 வளைவுகள், ஏறக்குறைய 250 பாலங்கள். தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்சட்டத்தை இன்ஜினின் பற்சக்கரம் கவ்வி ஏறும் இந்தத் தொழில்நுட்பம் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. யுனெஸ்கோ 2005-ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. பாறையை உடைத்ததும் சுரங்கம் குடைந்ததும் இந்நாட்டுத் தொழிலாளர்கள். இன்றைக்கும் பழைய இன்ஜின்களைப் பழுதுபார்த்து ஓடவைப்பவர்கள் ரயில்வே ஊழியர்கள். பாரம்பரியம் என்று போற்ற வேண்டியதில் அந்தக் கைத்திறனுக்கும் பங்கு உண்டு.

கூடலூர் சாலையில் நடுவட்டத்தைக் கடந்து போகிறவர்கள் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் டீ குடிக்கத்தான். 1860-களில் அங்கே சின்கோனா பயிரிடப்பட்டது. மலேரியாவுக்கான கொய்னா மருந்து அந்த மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. தோட்டத்தில் வேலை வாங்க, மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களை அடைத்த சிறைக் கட்டடம் இன்னும் இருக்கிறது. விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டதை, சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். திரைப்படமாகவே எடுக்கக்கூடிய கதை.

தேயிலைக்கும் இன்னொரு பக்கம் உண்டு. 1964-ன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் தொடங்கிய அரசுத் திட்டமே பின்னாளில் டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனமானது. பச்சைப் பசேல் சரிவின் முன் நின்று செல்ஃபி எடுக்கிறோம். அந்தச் சரிவில் கொழுந்து பறிப்பவர்களில் பலரது முன்னோர் வெள்ளைக்காரத் துரைமாரின் தோட்டங்களுக்காகவே கடல் கடந்து கொண்டுபோகப்பட்டவர்கள்.

அந்தப் பசுமையையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஊட்டியின் அடையாளமாகத் தெரியும் யூகலிப்டஸும் சீகையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரங்கள். விறகுக்காக வெள்ளைக்காரர்கள் தொடங்கியதைச் சுதந்திர இந்தியாவின் வனத்துறை தொழிற்சாலைகளுக்காக விரிவாக்கியது. விலை கொடுத்தவை புல்வெளிகளும் சோலைக்காடுகளும். மழைநீரை உறிஞ்சிவைத்து ஆண்டு முழுதும் ஓடைகளுக்கு விட்டது அந்தச் சோலைதான். ஆக, எல்லாப் பழியையும் ஆங்கிலேயர் தலையில் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. ஏரியும் சுருங்கித்தான் போனது: இன்றைய பேருந்து நிலையமும், குதிரைப் பந்தயம் நடந்துவந்த மைதானமும் இருக்கும் இடங்கள் ஒருகாலத்தில் அதன் பரப்பு.

நெரிசலைக் குறைக்க, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சீசனுக்கு வரம்பும் வைக்கப்பட்டது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், அவர்கள் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஐந்தாறு இடங்களிலேயே எல்லோரும் மொய்க்கும் வரை வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பதால் மட்டும் தீர்வு வராது. கூட்டம் பரவ வேண்டுமென்றால், போய்ப் பார்க்க வேறு இடமும் கேட்கக் கதையும் இருக்க வேண்டும்.

“குளிருக்கு வந்தவனுக்கு வரலாற்றுப் பாடமா?” என்று சிலர் கேட்கலாம். மலை ரயில் டிக்கெட்டுக்கு நடக்கும் போட்டியே அதற்குப் பதில். வேகம்தான் வேண்டுமென்றால் யாரும் கார் சாலையை விட்டு அந்த ரயிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். பழமைக்கும் கதைக்கும் நம் மக்களிடம் ஆசை நிறையவே இருக்கிறது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரியின் வசம் இருக்கிறது. விடுமுறை நாட்களிலாவது நேரம் குறித்து, வழிகாட்டியோடு பொதுமக்களை உள்ளே விடலாம். தேவாலயம், ரயில் நிலையங்கள், நடுவட்டம் சிறை ஆகிய இடங்களில், கட்டுவித்த துரையின் பெயரோடு நின்றுவிடாமல், உழைத்தவர்களைப் பற்றியும் தமிழில் பலகை வைக்கலாம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, உரிமம் பெற்ற வழிகாட்டிகளாக்கலாம். மந்துகளுக்கு யார், எப்போது, எத்தனை பேர் வரலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை மட்டும் அந்த மக்களிடமே இருக்க வேண்டும். அவை வேடிக்கை பார்க்கும் இடங்கள் அல்ல, வீடுகள்.

சுற்றுலாத் துறையும் மாவட்ட நிர்வாகமும் அடுத்த மலர்க் கண்காட்சிக்குள் இவற்றில் ஒன்றையாவது தொடங்கட்டும். அதுவரை காத்திராமல், இந்த முறை ஊட்டிக்குப் போகிறவர்கள் நடுவட்டத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.