பேஸ்ட் பல்லுக்குத்தான் சார், ஹெட்லைட்டுக்கு இல்லை!

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படிச்சுட்டு பேங்க்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கிற ஆசாமி. ஆனா இந்த விஷயத்துல காசும் கொடுத்து, மானமும் போய், கிட்டத்தட்ட ஒரு மனுஷன் உயிரையும் எடுக்கப் பார்த்தவன். அந்தத் தகுதியில கொஞ்சம் சத்தமாவே பேசப் போறேன்.

"டூத் பேஸ்ட் தடவுங்க, ரெண்டே நிமிஷம், ஹெட்லைட் புதுசு மாதிரி ஆயிடும்!" இதைச் சொல்லாத ஆள் யாராவது இருக்காங்களா? ஆபீஸ்ல சொல்றான், அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் சொல்றாரு, மச்சினன் வீடியோ அனுப்புறான். நானும் நம்பினேன். ஒரு ஞாயித்துக்கிழமை வலியசாலை வீட்டு வாசல்ல உக்காந்து, பேஸ்ட்டும் பழைய பனியனுமா தேய் தேய்னு தேய்ச்சேன். நிஜமாவே பளபளன்னு ஆச்சு. எதிர்வீட்டு மாமா திண்ணையிலிருந்து பார்த்துட்டு, "பேஷ், பேஷ்"னார். தங்கமணிகிட்ட அன்னைக்கு முழுக்க ஒரே பெருமை.

அந்தப் பளபளப்பு மூணு வாரம்தான். ரெண்டாவது மாசம் முன்னைவிட மோசம்.

ஏன்னு யாரும் சொல்லலை. இப்ப நான் சொல்றேன். பழைய அம்பாசடர், பத்மினி காருக்கெல்லாம் ஹெட்லைட் முகப்பு கண்ணாடி. கல் பட்டா உடையும், ஆனா மஞ்சளாகாது. இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் பாலிகார்பனேட், அதாவது ஒரு வகை பிளாஸ்டிக். அமெரிக்காவுல இந்த மாதிரி விளக்குக்கு 1983-ல அனுமதி கொடுத்தாங்க, அப்புறம் உலகம் முழுக்க இதுதான். எடை கம்மி, சுலபமா உடையாது, இஷ்டத்துக்கு வளைக்கலாம். ஒரே கெட்ட குணம், வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டா மஞ்சளாயிடும். அதனால கம்பெனியிலயே மேலே ஒரு மெல்லிய பூச்சு போட்டு அனுப்புறாங்க. சில வருஷ வெயில்ல அந்தப் பூச்சு தேய்ஞ்சு, உரிஞ்சு, மங்குது. அதுதான் நீங்க பார்க்கிற புகை.

வெயில்தான் காரணம்னு நம்பாதவங்க என் தெருவுக்கு வாங்க. அக்ரஹாரத்து வீடு, சுவரோட சுவர் ஒட்டி வரிசையா இருக்கும், கார் ஷெட்டுக்கு எங்கே போறது? தெருவுலதான் நிக்கும். (ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில வர்ற காந்தளூர்ச் சாலை இந்த வலியசாலைதான்னு ஒரு கட்சி, இல்லவே இல்லைன்னு இன்னொரு கட்சி. அவர் எதை அறுத்தாரோ தெரியாது, இப்போ இங்கே காரை நிறுத்த இடம் கிடைச்சா போதும்.) என் வண்டி எப்பவும் ஒரே இடம், ஒரே திசை. வலது பக்க லைட்டுக்கு மேலே பக்கத்து வீட்டு ஓட்டுச் சாய்ப்பு நிழல். இடது பக்கத்துக்கு ஒண்ணும் கிடையாது. பதினோரு வருஷத்துல வலது லேசா மங்கல், இடது மஞ்சக்காமாலை! ஒரே வண்டி, ஒரே மழை, ஒரே ரோடு. வெயில் மட்டும்தான் வேறே.

இப்போ பேஸ்ட் கதைக்கு வருவோம். பேஸ்ட்ல இருக்கிறது மெல்லிய அரம். அது மீதியிருந்த பூச்சையும் சேர்த்துச் சுரண்டி எடுத்துடுது. கீழே இருக்கிற பிளாஸ்டிக் அம்மணமா வெயில்ல நிக்குது. பளபளப்பு தெரியுது, பாதுகாப்பு போயிடுச்சு. ரோட்டோரமா முன்னூறு ரூபாய்க்கு மெஷின் வெச்சு பாலிஷ் போட்டுத் தர்றவங்க செய்றதும் இதேதான். பாலிஷ் முடிஞ்சதும் மேலே என்ன பூசப் போறீங்கன்னு கேளுங்க. பதில் வரலைன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க.

இதைவிடக் கொடுமை கொசு விரட்டி தடவுற கோஷ்டி. அதுல இருக்கிற டீட்ங்கிற ரசாயனம் பிளாஸ்டிக்கையே இளக வைக்கும். மேல் தோல் கரைஞ்சு வழவழன்னு ஆகுது, பார்க்கிறவன் "ஆஹா"ங்கறான். பெட்ரோல், தின்னர் எல்லாம் பாலிகார்பனேட்ல மயிரிழை விரிசலை உண்டாக்கும். அந்த விரிசல் உள்ளே இறங்கிட்டா எந்த உப்புத்தாளாலயும் எடுக்க முடியாது.

அடுத்தது சர்வீஸ் சென்டர். பேர் வேண்டாம். "சாரே, இது ஒண்ணும் செய்ய முடியாது, அசெம்ப்ளி மாற்றணும்." ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து 13,600 ரூபாய்! பல்பு நல்லா இருக்கு, உள்ளே ரிஃப்ளெக்டர் கண்ணாடி மாதிரி மின்னுது, வெளித்தோல் மட்டும் மங்கல். அதுக்கு முழுசா மாத்தணுமாம். அக்கவுண்டன்சி படிச்சவன்கிட்ட பராமரிப்புச் செலவை மூலதனச் செலவா மாத்திச் சொன்னா வயிறு எரியுமா எரியாதா? மாத்தியே ஆகணும்கிற நேரமும் உண்டு, மறுக்கலை. உள்பக்கம் தண்ணி கோத்திருந்தா, முகப்பு விரிஞ்சிருந்தா, ரிஃப்ளெக்டர் கருத்திருந்தா மாத்துங்க. என் வண்டியில அது ஒண்ணுமே இல்லை.

மூணாவது கட்சிக்காரர்தான் எனக்குப் பரம எதிரி. "வெளிச்சம் பத்தலையா, எல்.இ.டி. போடுங்க, 100/90 வாட் போடுங்க." மங்கின முகப்புக்குப் பின்னாடி எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் அது சிதறும். எதிர்ல வர்றவன் கண்ணைக் குத்தும், உங்க ரோடு அப்படியே இருட்டாத்தான் இருக்கும். 60/55 வாட்டுக்குன்னு செஞ்ச ஒயரிங் சூட்டுல வேகும். கம்பெனி கொடுக்காத பல்பை மாட்டினா சட்டப்படியும் தப்பு.

ஏன் இவ்வளவு கோபம்னு கேப்பீங்க. போன தீபாவளிக்கு, வெள்ளிக்கிழமை பிராஞ்ச் மூடிட்டு, ராத்திரியோட ராத்திரியா தஞ்சாவூர் கிளம்பினோம். நம்மள்ல பாதிப் பேர் இப்படித்தானே ஊருக்குப் போறோம்? பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வரைக்கும் கடை வெளிச்சம், ஒண்ணும் தெரியலை. ஆரல்வாய்மொழி தாண்டினதும் மழை, கும்மிருட்டு. ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ரோட்டோரமா போறார், பின்னாடி விளக்கு கிடையாது. நான் பார்த்தப்போ அவர் என் இடது பம்பருக்கு நேர் முன்னாடி! 80 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு வினாடிக்கு 22 மீட்டர் ஓடும். எப்படித் திருப்பினேன்னு இன்னும் தெரியலை. பின் சீட்ல அம்மா ஒரு வார்த்தை பேசலை. வள்ளியூர்ல டீக்கடையில நிறுத்தினப்பதான், "ஏம்ப்பா, உனக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணுமா?"ன்னு கேட்டாங்க. இறங்கி முன்னாடி போய்ப் பார்த்தேன். இடது லைட், கெட்டித் தயிருக்குப் பின்னாடி வெச்ச அகல்விளக்கு மாதிரி எரியுது.

அமெரிக்காவுல ஏஏஏ-ன்னு வண்டி ஓட்டுறவங்களுக்கான ஒரு சங்கம் 2018-ல அளந்து பார்த்தாங்க. மங்கின ஹெட்லைட், புதுசு தர்ற வெளிச்சத்துல 20 சதவீதம்தான் தருதாம். வீட்டிலேயே சரிபண்ணினா சுமார் 70 சதவீதம் திரும்ப வந்துடுது. ஹார்ன் மாத்துறோம், சீட் கவர் மாத்துறோம், பிள்ளையாருக்கு டேஷ்போர்டுல குட்டி எல்.இ.டி. வைக்கிறோம். இதை மட்டும் பார்க்கிறதே இல்லை.

சரி, நான் செஞ்சதைச் சொல்றேன். சாலைக் கம்போளத்துல வாட்டர் பேப்பர் 600, 1000, 1500 நம்பர்ல, ஒரு மாஸ்கிங் டேப். லைட்டை சோப்புத் தண்ணியில கழுவி, சுத்தி பெயிண்ட் மேல ரெண்டு சுத்து டேப். பேப்பரை ஊற வெச்சு, பக்கத்துல வாளியில தண்ணி. ஒரு நிமிஷம்கூட காயவிடக் கூடாது. 600-ல தேய்க்கும்போது மஞ்சளா பால் மாதிரி வழியும், அதுதான் செத்த பூச்சு. மஞ்சள் நின்னு வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க, பொறுமை இங்கதான் வேணும். அப்புறம் 1000-ல குறுக்கே, 1500-ல நெடுக்க. முடிச்சதும் உறைஞ்ச கண்ணாடி மாதிரி வெளுத்துப் போச்சு. தங்கமணி பதறிட்டா. ஒரு சொம்பு தண்ணி ஊத்தினேன், பளிங்கு மாதிரி உள்ளே தெரிஞ்சது. நனைஞ்சா தெளிவாத் தெரியுதா? அப்போ பூச்சு போட்டாலும் தெளிவாத்தான் இருக்கும்.

அந்தப் பூச்சுதான் எல்லாரும் விட்டுடற சமாசாரம். வண்டி பாடிக்கு அடிக்கிற டூ-பேக் கிளியர் நீடிச்சு நிக்கும். ஆனா அதுல இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் தடுக்காது. எங்க தெருவுல எல்லா வாசக்கதவும் திறந்தே கிடக்கும், பாட்டிமார் திண்ணையில இருப்பாங்க, நான் எப்படி அடிப்பேன்? மழையில்லாத ஒரு காலையில, தேய்ச்ச வண்டியை அப்படியே கரமனை பக்கம் ஒரு பெயிண்டர்கிட்ட ஓட்டிட்டுப் போனேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுக்கிட்டு, மெல்லிசா மூணு கோட் அடிச்சுக் கொடுத்தார். 700 ரூபாய். பேப்பர், டேப் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 960. கிளியர் அடிக்கப் போறீங்கன்னா காம்பவுண்ட் போடாதீங்க, மெழுகு ஒட்டிக்கிட்டா பூச்சு பிடிக்காது. பெயிண்டர் கிடைக்கலைன்னா 3000 வரைக்கும் தேய்ச்சு, காம்பவுண்ட் போட்டு, நல்லாத் துடைச்சுட்டு, யு.வி. தாங்கற ஃபிலிம் ஒட்டிக்கலாம். வெறும் வாக்ஸ்னா ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் திரும்பப் போடணும். சோம்பேறிகளுக்கு அது ஒத்து வராது, எனக்கும்தான்.

"நாம ஒரு ஆபீசர், தெருவுல உக்காந்து வண்டியைத் தேய்க்கறதா"ன்னு கேட்ட நண்பருக்கு: 13,600-க்கும் 960-க்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு யாரும் போனஸா தர்றதில்லை சார்.

பேஷ் சொன்ன எதிர்வீட்டு மாமா வண்டியும் மஞ்சளாத்தான் நிக்குது. கையில இன்னும் பேஸ்ட் ட்யூபோட இருக்கார். 1000 நம்பர் பேப்பர் ரெண்டு ஷீட் மிச்சம் இருக்கு, வர்ற ஞாயித்துக்கிழமை அவர் வாசல்ல உக்காரப் போறேன்.