யன்னலோரத்துப் பூனைக்குக் கொஞ்சம் சூடு



ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எங்கட பூனைக்கு உடம்பில உரோமமே இல்லை. ஆனாலும் நாள் முழுக்க யன்னல்லதான் இருக்குது, தூக்கிக்கொண்டு வந்தாலும் திரும்ப ஓடுது. இந்த மார்கழிக் குளிருக்கு என்ன செய்யிறது?” இந்தக் குளிர்கால இதழில் என் பக்கத்தை அவருடைய கேள்விக்கே தருகிறேன்.

அவர் வளர்ப்பது ஸ்ஃபிங்ஸ் இனப் பூனை. அதற்கும் நம் ரொறன்ரோவுக்கும் பழைய உறவு உண்டு. 1966இல் இங்கே சாதாரண வீட்டுப் பூனை ஒன்று உரோமமில்லாத குட்டியை ஈன்றது. அந்த வம்சம் நிலைக்கவில்லை. 1970களில் மினசோற்றாவில் ஒரு பண்ணையிலும், மறுபடியும் ரொறன்ரோத் தெருவிலும் அதேபோன்ற குட்டிகள் கிடைத்தன. இன்றைய ஸ்ஃபிங்ஸ் பூனைகள் அவற்றின் வழி வந்தவை. இங்கிலாந்தில் தோன்றிய கோர்னிஷ் ரெக்ஸ், டெவன் ரெக்ஸ் பூனைகளுக்கும் உரோமம் மிக மெல்லியது. வயதானவை, மெலிந்தவை, சத்திரசிகிச்சைக்காக உரோமம் மழிக்கப்பட்டவை எல்லாவற்றுக்கும் நான் சொல்லப்போவது பொருந்தும்.

பூனையின் உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. உடலைச் சூடாக வைத்திருக்க மேலதிகமாகச் சக்தியைச் செலவழிக்காமல் அது இருக்க வேண்டுமென்றால் சுற்றுப்புறம் ஏறத்தாழ 30 பாகையாவது வேண்டும். வாடகை வீடுகளில் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை இருக்க வேண்டும் என்கிறது நமது நகரச் சட்டம். உடுப்புப் போட்டிருக்கும் நமக்கு அது போதும். அடர்ந்த உரோமமுள்ள பூனையும் சமாளித்துக்கொள்ளும். உரோமமில்லாதது என்ன செய்யும்? கூடுதலாகச் சாப்பிடும், இறுகச் சுருண்டுகொள்ளும், நம் மடியைத் தேடி வரும்.

வீட்டுக்குள் ஆகக் குளிரான இடமும் யன்னலடிதான். கண்ணாடியில் பட்ட காற்று குளிர்ந்து, கனத்து, கீழே படுத்திருக்கும் பூனையின் மேல் இறங்குகிறது. அதன் உடற்சூடும் குளிர்ந்த கண்ணாடியை நோக்கிக் கதிர்வீச்சாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால்தான் சுவரிலுள்ள கருவி 21 என்று காட்டும்போதும் யன்னலில் பூனை நடுங்குகிறது.

ஆனாலும் அதை அங்கிருந்து விலக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். மார்கழி நண்பகலில் இங்கே சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 23 பாகை உயரத்துக்குத்தான் எழும்பும். தெற்குப் பார்த்த யன்னலென்றால் அந்தச் சாய்ந்த வெயில் அறைக்குள் வெகுதூரம் வரும். வெளியே அணில் ஓடும், குருவி வரும். வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைக்குப் பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது? நாம் மாற்ற வேண்டியது அந்த இருப்பிடத்தை.

முதலில் குளிரைத் தடுங்கள். யன்னற் சட்டத்தில் காற்றுப் புகும் இடுக்குகளுக்குப் பட்டி ஒட்டுங்கள். படுக்கையைக் கண்ணாடியோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். சூடு கீழ்ப்பக்கமாகவும் போகும் என்பதால் அடியில் தடித்த மெத்தை, மேலே கம்பளி, சுற்றிவர உயர்ந்த விளிம்பு வேண்டும். கண்ணாடியில் உறிஞ்சி ஒட்டும் தொங்கு படுக்கை வைத்திருப்பவர்கள் குளிர்நாட்களில் அதன் பிடியைத் தினமும் சோதியுங்கள். குளிரில் அது தளர்ந்துவிடக்கூடும். நிலத்தில் நிற்கும் மேடை இன்னும் நல்லது.

மின்சாரச் சூட்டு விரிப்பு வாங்குவதென்றால் செல்லப்பிராணிகளுக்கென்றே செய்த, குறைந்த வெப்பமுள்ளதை வாங்குங்கள். மனிதர்களின் நாரிநோவுக்கானது கூடாது. உரோமமில்லாத தோல் விரைவில் வெந்துவிடும். சூட்டை விரும்பும் பூனையோ இலேசில் எழும்பாது. எனவே விரிப்புப் படுக்கையின் பாதியை மட்டும் மூடட்டும். வேண்டியபோது மறுபாதிக்கு அது நகரலாம். ஹீற்றருக்கு நேர்மேலே படுக்கையை வைக்காதீர்கள். வயரைக் கடிக்காதபடி மறைத்துவிடுங்கள். பருத்திச் சட்டை போடலாம். தினமும் கழற்றித் தோலைப் பாருங்கள், எண்ணெய்ப் பிசுக்குச் சேரும்.

மாலை ஐந்துக்கு முன்பே வெயில் போய்விடும். அதன்பின் யன்னலில் மிஞ்சுவது குளிர்தான். திரையை இழுத்துவிட்டு, அறையின் உட்புறத்தில் இன்னொரு சூடான படுக்கையைக் காட்டுங்கள். காது நுனியும் பாதமும் சில்லிட்டு, பூனை சோர்ந்து கிடந்தால் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

நம்மில் பலர் வெயில் நாடுகளிலிருந்து வந்து இந்தக் குளிரைப் பழகியவர்கள். நமக்குக் குளிர்ந்தால் இன்னொரு உடுப்பைப் போட்டுக்கொள்கிறோம், ஹீற்றரைக் கூட்டுகிறோம். நம்மை நம்பி வாழும் பூனைக்கு அந்த வழி இல்லை. அதற்காக நாம்தான் யோசிக்க வேண்டும். உங்கள் வீட்டு யன்னலில் என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்று எழுதுங்கள், படமும் அனுப்புங்கள். பயனுள்ளவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்