இலக்கணம் தெரியும், வாய்தான் வரவில்லை

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் முதலிடத்தில் இருந்த சீனர்களை 2022-23 குளிர்காலப் பருவத்தில் இந்தியர்கள் முந்தினார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் எண்ணிக்கை 49 ஆயிரத்தைத் தாண்டியது. காரணம் பலரும் அறிந்ததுதான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. முதுகலைப் படிப்புகள் பல ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தங்கலாம். தமிழகப் பொறியியல் பட்டதாரிகளுக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம்.

பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் ஊர் பேசுவது ஜெர்மன். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அலுவலக மொழி ஜெர்மன். அதையாவது ஒரு நண்பரைக் கூட்டிப் போய்ச் சமாளிக்கலாம். ரொட்டிக் கடைக்குத் தனியாகத்தானே போக வேண்டும்? வரிசையில் நிற்கும் மாணவர் மனதுக்குள் வாக்கியத்தைக் கோத்துவிட்டார். ரொட்டி என்ற ஜெர்மன் சொல் எந்தப் பால், எந்த வேற்றுமை எல்லாம் சரிபார்த்தாயிற்று. முறை வந்ததும் தடுமாறாமல் சொல்லியும் விடுகிறார். கடைக்காரப் பெண் திருப்பிக் கேட்கிறார், துண்டு போட்டுத் தரவா என்று. இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. மாணவர் விழிக்க, அந்தப் பெண் உதவுவதாக நினைத்து ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். மறுவாரம் மாணவர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை.

இதைக் கூச்ச சுபாவம் என்றோ சோம்பல் என்றோ ஒதுக்குவது அநியாயம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலைன் ஹோர்விட்ஸும் இரு சக ஆய்வாளர்களும் 1986-லேயே இதற்குத் தனியாகப் பெயர் கொடுத்து, அளப்பதற்கு 33 வாக்கியங்கள் கொண்ட வினாத்தாளையும் உருவாக்கினார்கள். அதை அவர்கள் கொடுத்துப் பார்த்தது, தங்கள் சொந்த நாட்டில் உட்கார்ந்து ஸ்பானிஷ் கற்ற கல்லூரி மாணவர்களிடம். படித்த இலக்கணம் வாய் திறக்கும்போது மறந்துபோகிறது என்று அந்த மாணவர்களும் சொன்னார்கள். நாலு பேர் முன் பேசும் பயம், தேர்வுப் பயம், பிறர் தன்னை மட்டமாக எடைபோடுவார்களோ என்ற பயம் மூன்றும் இதில் கலந்திருக்கின்றன.

மூன்றாவதுதான் ஆளை அதிகம் முடக்குகிறது. கல்லூரியில் முதல் வரிசையில் இருந்த 23 வயது இளைஞரால் புது மொழியில் மூன்று வயதுக் குழந்தை அளவுக்குத்தான் தன்னைக் காட்ட முடிகிறது. அவருடைய அறிவும் நகைச்சுவையும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக் கல்லூரிக்குப் போனவர்கள் இந்த வேதனையை ஒருமுறை பட்டிருப்பார்கள். பயம் வந்தால் கவனத்தில் பாதியை அதுவே எடுத்துக்கொள்கிறது. கேட்பதும் புரிவதும் குறைகின்றன. உளவியலாளர்கள் பீட்டர் மெக்கின்டயர், ராபர்ட் கார்ட்னர் ஆகியோரின் ஆய்வுகள் இதைக் காட்டி முப்பது ஆண்டுக்கு மேலாகிறது.

நம் ஊர் ஜெர்மன் மொழித் தயாரிப்போ சான்றிதழைக் குறிவைத்தே நடக்கிறது. தொடக்க நிலையான ஏ1 தேர்வில் பேச்சுப் பகுதி குழுவாக நடக்கும் சுமார் 15 நிமிடம்தான். தன்னை அறிமுகப்படுத்துவதை உருப்போட்டாலே பாதி வேலை முடிந்தது. எதிரே இருப்பவர் எதிர்பாராத கேள்வி கேட்டால் என்ன செய்வது, புரியாதபோது வெட்கப்படாமல் மறுபடி சொல்லச் சொல்வது எப்படி என்பதை வகுப்பில் பழக்க வேண்டும். பேசும்போதே குறுக்கிட்டுத் திருத்தும் ஆசிரியர் அந்தப் பழக்கத்தைத் தானே கெடுக்கிறார். ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஆங்கிலப் படிப்பைக் காட்டி அழைத்தவர்கள், ஜெர்மன் வகுப்பை மாலை நேர விருப்பப் பாடமாக ஒதுக்காமல் மதிப்பெண்ணோடு பாடத்திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஜெர்மனியில் பட்டம் பெற்றவர் இரண்டு ஆண்டு தகுதிக்கேற்ற வேலை பார்த்தபின் நிரந்தரக் குடியிருப்பு கேட்கும்போது, அந்த நாடே இடைநிலையான பி1 அளவு ஜெர்மன் கேட்கிறது.

விசாவுக்காக 11,904 யூரோவை, பணத்தை முடக்கிவைக்கும் வங்கிக் கணக்கான பிளாக்டு அக்கவுண்டில் போட வீடுகள் கடன் வாங்குகின்றன. அந்தச் செலவுக் கணக்கில், கிளம்புவதற்கு முன் ஆறு மாதம் சின்னக் குழுவில் பேசிப் பழகும் கட்டணத்தையும் பெற்றோர் இப்போதே சேர்த்து எழுதட்டும்.