நூறு டிகிரி வரும்வரை நெல் காத்திருக்காது

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் ஊர் டீக்கடையில் பேப்பரைப் பிரித்ததும் ஒரே கேள்விதான். "என்னப்பா, சதம் அடிச்சிருச்சா?" கிரிக்கெட்டைப் பற்றி அல்ல, வெயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். திருச்சி, மதுரை, கரூர் பரமத்தி, வேலூர் என்று நூறைத் தாண்டிய ஊர்களின் பட்டியல் இருக்கும். அது பாரன்ஹீட் கணக்கு. அதே ஆள் சட்டைப்பையில் இருக்கும் போனை எடுத்துப் பார்த்தால் 38, 39 என்று காட்டும். அது செல்சியஸ். ஒரே வெயிலுக்கு ரெண்டு எண்.

எந்த எண்ணில் சொன்னால் என்ன, வெயில் வெயில்தானே என்று நானும் பல வருசம் நினைத்திருந்தேன். ஒரு போகம் பூங்கார் என் நினைப்பை மாற்றியது.

ஆலங்குடி பக்கம் எங்கள் நிலம். போர் தண்ணீரை நம்பி மாசியில் பூங்கார் விதைத்தேன். சித்திரை தொடக்கத்தில் கதிர் வந்து பூத்தது. பேப்பரில் அந்த வாரம் 97, 98 என்றுதான் போட்டிருந்தார்கள். "இன்னும் நூறே தொடலை, பயப்பட ஒண்ணுமில்லை" என்று தண்ணீர் முறையை ரெண்டு நாள் தள்ளிப்போட்டேன். அறுவடையில் பாதிக்குப் பாதி பதர். காய்ச்சலும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் என்னை அசட்டையாக இருக்க வைத்தது அந்த நூறு.

நெல் பூக்கும் நேரத்தில், அதாவது காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஒரு மணி நேரம் நின்றாலே மகரந்தம் கெட்டு மணி பிடிக்காமல் போகும். 35 செல்சியஸ் என்பது 95 பாரன்ஹீட். பேப்பரில் 'சதம்' என்று கொட்டை எழுத்து வருவது 37.8 செல்சியஸில்தான். நமக்கு எச்சரிக்கை வந்து சேரும்போது நெல்லுக்கு நேரம் கடந்திருக்கும்.

பாரன்ஹீட் பக்கமும் நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் பெரியப்பா கேட்பார்: "நாப்பதுன்னா எனக்கு என்னடா தெரியும்? நூறுன்னாத்தான் உடம்புக்கு உறைக்குது." அவர் சொல்வது சரிதான். நம் உடம்புச் சூடு ஏறக்குறைய 98.6. காய்ச்சல் பார்ப்பதும் அந்தக் கணக்கில்தான். காற்று நூறைத் தாண்டினால் அது நம் உடம்பை விடச் சூடு. அப்போது காற்று நம் சூட்டை வாங்காது, நம் மேல் ஏற்றும். வேர்வை ஒன்றுதான் காப்பு. களையெடுக்கும் பெண்கள், மாடு, ஆடு எல்லாருக்கும் அது அபாயக் கோடு. செல்சியஸில் பூஜ்யம் என்பது தண்ணீர் உறையும் இடம். புதுக்கோட்டையில் யார் அதைக் கண்டார்கள்? ஆக, மனுசனுக்குச் சொல்ல நூறு நல்ல எண். பயிருக்குக் கோடு வேறு இடத்தில் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

இதில் இன்னொரு வேடிக்கை. 1956-ல் மெட்ரிக் அளவுகளுக்குச் சட்டம் வந்தது. வானிலைத் துறை செல்சியஸுக்கு மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. நம் பேப்பர்களும் மழையை சென்டிமீட்டரில் போடுகின்றன. ஊட்டியில் உறைபனி என்றால் செல்சியஸில் எழுதுகின்றன. கோடை வெயிலுக்கு மட்டும் பாரன்ஹீட்! சதம் என்ற சொல்லில் இருக்கும் கவர்ச்சியைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கலப்படத்தால் வரும் கணக்குப் பிழை சாதாரணமல்ல. மேலே 102 என்று போட்டிருப்பார்கள். கீழே, 'அடுத்த மூன்று நாளில் வெப்பம் 3 டிகிரி உயரக்கூடும்' என்று வானிலை மைய அறிவிப்பு இருக்கும். நாம் கூட்டிப் பார்த்து 105 என்போம். அறிவிப்பில் சொல்வது செல்சியஸ். 3 செல்சியஸ் என்றால் 5.4 பாரன்ஹீட். வரப்போவது 107.4. நாற்றங்காலுக்குப் பந்தல் போடலாமா, கன்றுகளுக்கு மூடாக்கைக் கூட்டலாமா என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் இந்த வித்தியாசம் பெரிசு.

நமக்கு வேண்டிய மற்ற எண்களும் செல்சியஸில்தான் கிடைக்கின்றன. மட்குக் குவியல் 55-லிருந்து 65 வரை சூடேறினால் களைவிதை சாகும். மண்புழுப் படுக்கை 30-க்குள் இருந்தால் நல்லது. பகல் 32-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தால் தக்காளிப் பூ உதிரும். செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிக்கை, போனில் மேகதூத் செயலி எல்லாமே செல்சியஸ். சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்கவும் குறைந்தது 40 செல்சியஸ் தொட வேண்டும். வழக்கத்தை விட 4.5 செல்சியஸாவது கூடியிருக்க வேண்டும்.

சதத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் நாம் கவனிக்காமல் விடுவது இரவுச் சூடு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களை வைத்து 2004-ல் ஓர் ஆய்வு வந்தது. வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் நெல் விளைச்சல் 10 சதவீதம் குறைவதாக அதில் கண்டார்கள். அந்த நிலையத்தோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனாலும் இந்தக் கணக்கு நமக்கு வேண்டியது. டீக்கடையில் ராத்திரி எத்தனை டிகிரி என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

மாறுவது கஷ்டமில்லை. 'ஒரு உழவு மழை, ரெண்டு உழவு மழை' என்று பேசின நாம்தான் இன்று மில்லிமீட்டரும் பேசுகிறோம். உழவு மழை என்ற சொல்லும் சாகவில்லை. அப்படித்தான் இதுவும். பெரியவர்களுக்கு நூறாக மாற்றிச் சொல்ல வாய்க்கணக்கு ஒன்று இருக்கிறது. செல்சியஸை இரட்டியுங்கள், வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 32 கூட்டுங்கள். 40 என்றால் இரட்டித்து 80, எட்டு போக 72, முப்பத்திரண்டு சேர்த்து 104. அவ்வளவுதான்.

இன்னொன்று. பேப்பரில் வருவது திருச்சிக் கணக்கு, மதுரைக் கணக்கு. அதுவும் நாலடிக்கு மேல் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் எடுத்தது. நம் வயலின் சூடு அதில் இல்லை. ஒரு சாதாரண வெப்பமானி வாங்கி, கொட்டகையின் நிழலில், வெயில் நேரே படாமல், நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுங்கள். விடியலில் ஒரு தடவை, காலை பத்து மணிக்கு ஒரு தடவை, மதியம் ரெண்டரைக்கு ஒரு தடவை பார்த்து நோட்டில் செல்சியஸில் எழுதுங்கள். பக்கத்திலேயே எந்த ரகம் எத்தனை மணிக்குப் பூ விரித்தது என்றும் எழுதுங்கள். வெயில் ஏறும் முன் விடிகாலையிலேயே பூத்து முடிக்கும் ரகம் தப்பித்துக்கொள்ளும். நம் மரபு ரகங்களில் அப்படி எவை இருக்கின்றன என்பதை நாம்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நாளைக்கு வெயிலால் பதரான நெல்லுக்கும் உதிர்ந்த பிஞ்சுக்கும் நாம் நியாயம் கேட்டுப் போகும்போது, 'சதம் அடிச்சுதுங்க' என்று சொன்னால் எந்த அதிகாரியும் எழுதிக்கொள்ள மாட்டார். தேதி, நேரம், டிகிரி செல்சியஸ் என்று நோட்டு இருந்தால் பேச்சே வேறு.

பேப்பர்காரர்களுக்கும் நம் இயக்கம் ஒரு கடிதம் எழுதலாம். சதத்தைப் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் செல்சியஸையும், இரவின் குறைந்தபட்ச வெப்பத்தையும் சேர்த்துப் போடச் சொல்வோம். கடிதம் எழுதுவதற்கு முன், வருகிற மாசி, பங்குனிக் கூட்டங்களுக்கு வரும்போது அவரவர் வெப்ப நோட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். நானும் கொண்டு வருகிறேன்.