சட்டி வாங்கப் போகும் தீவு

கெடா மாநிலத்துத் தமிழர் வீடுகளில் லங்காவிக்குச் சாட்சி சொல்லும் பொருள் ஏதேனும் ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் அது மூடி உடைந்த ஒரு கண்ணாடிச் சட்டி. நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, பீடோங் பக்கமுள்ள எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் கோல கெடாவுக்குப் போய், ஃபெரி ஏறி, குவா பட்டணத்தில் இறங்கினோம். சட்டி, சாக்லெட், போர்வை வாங்கினோம். கழுகுச் சிலைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். மறுநாள் வீடு வந்து சேர்ந்தோம். 1987-இல் தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்ட நாள்முதல் நம்மவர்க்கு லங்காவி என்றால் மலிவு விலைப் பாத்திரக் கடைதான்.

நம் கழகமும் அதே வழியில்தான் போகிறது. முதலாமாண்டில் கழகத்தோடு நான் போன லங்காவிப் பயணத்திலும் கேபிள் கார், படகுச் சவாரி, சாக்லெட் என்று மூன்று நாள் ஓடிப்போனது. சாப்பாடு மூன்று வேளையும் பொட்டலம். மண்ணில் கால் பட்ட நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறாது. இந்தப் பயணத்தை மாற்ற வேண்டும், ஒரு வாரம் நடக்கும் பயணமாக மாற்ற வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் வைக்கும் கோரிக்கை. நடந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சென்ற பிப்ரவரி விடுமுறையில் ஐந்து பேர் போனோம். நானும் இரு தோழியரும், என் பெரியப்பா மகனான அண்ணனும் அவருடைய நண்பரும். அண்ணன் வருகிறார் என்பதால்தான் அம்மா சம்மதித்தார். அதுவும் எளிதில் கிடைத்த சம்மதம் அல்ல. "காடு மேடு பாக்கணும்னா கப்பல் ஏறணுமா? பாட்டி வேலை செஞ்ச தோட்டத்துல போய் ஒரு வாரம் நடந்துட்டு வா," என்றார். அம்மா கேலியாகச் சொன்னது. ஆனால் அதற்குள் ஒரு பெரிய விஷயம் இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

முதல் மலை குனோங் ராயா. உயரம் 881 மீட்டர், தீவிலேயே உயரமானது. லுபோக் செமிலாங்கிலிருந்து உச்சிவரை படிக்கட்டு உண்டு, மொத்தம் 4,287 படிகள். எண்ணிப் பார்ப்பது என்று முடிவு செய்து முந்நூற்றுச் சொச்சத்தில் கைவிட்டோம். சில இடங்களில் படியைப் பாசி மூடியிருந்தது. சில இடங்களில் மரம் விழுந்து படியே இல்லை. பாதி வழியில் தலைக்கு மேல் புகைவண்டி போவது போல ஓசை. நிமிர்ந்தால் இருவாய்ச்சிப் பறவைகள் இரண்டு. அந்தச் சிறகு அப்படிச் சத்தம் போடும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும் என்று பல முறை விடைத்தாளில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். மலையில் மூச்சு எப்படி வாங்கும் என்று இருபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

உச்சிக்குத் தார்ச் சாலையும் உண்டு. நாங்கள் வியர்வையில் நனைந்து மேலே ஏறியபோது, ஈப்போவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று காரிலிருந்து இறங்கிக் கொண்டிருந்தது. நடந்தே வந்தோம் என்றதும் அந்த அம்மா எங்களைப் பார்த்த பார்வையில் உண்மையான இரக்கம் இருந்தது. "ஐயோ பாவம், வாடகைக்குக் கார் கிடைக்கலையா பிள்ளைங்களா?" என்று கேட்டு ஆளுக்கொரு முறுக்கு கொடுத்தார். முறுக்கை மறுக்கவில்லை.

அந்த இரக்கம் எங்கிருந்து வருகிறது? பாட்டியிடமிருந்து வருகிறது என்பேன். என் பாட்டி விடியுமுன் எழுந்து, பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, நானூறு ஐந்நூறு மரமுள்ள நிரையை உளியோடு சுற்றி வந்தவர். பிறகு மீண்டும் அதே நிரையைச் சுற்றி மங்கிலிருந்து பாலை எடுத்து, வாளியைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு நடந்தவர். மழை பெய்தால் அன்றைய கூலி போச்சு. இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நடந்த கூட்டத்துக்கு, காசு செலவழித்து நடப்பது பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். நடக்காமல் இருப்பதுதான் முன்னேற்றம். கார் வாங்குவதும் சிமெண்டுத் தரை வீட்டுக்குப் போவதும் முன்னேற்றம். இதை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் நடந்த நடையால்தான் நான் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நம் தலைமுறையும் காட்டைக் கூலிக்களமாகவே பார்க்க வேண்டுமா?

நாங்கள் தங்கிய விடுதியில் பின்லாந்து மாணவிகள் இருவர் இருந்தார்கள். அவர்கள் நாட்டின் நிலப்பரப்பில் முக்கால் பங்கு காடு. தென்மேற்குக் கடலோரம் பல்லாயிரக்கணக்கான தீவுகள். நமக்குக் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது, ஆண்டு முழுவதும் கோடைதான். அவர்களுக்கோ அது குறுகிய காலம். அந்தச் சில வாரங்களில் தீவு தீவாகப் போய் நடப்பார்களாம். போகிற இடத்தில் கிடைப்பதைச் சாப்பிடுவார்களாம். புது உருளைக்கிழங்கை அவித்துச் சதகுப்பை இலை தூவுவது, ஹெர்ரிங் மீன், தீவுக்காரர்கள் சுடும் இனிப்பான கறுப்பு ரொட்டி, காட்டில் தாங்களே பறித்த புளூபெர்ரி. "யாருடைய காட்டில்?" என்று அண்ணன் கேட்டார். தோட்டத்துப் பிள்ளை கேட்கிற கேள்வி அது. யாருடையதாக இருந்தாலும் சரி என்றார்கள். குடியிருக்கும் வீட்டு முற்றத்துக்குள்ளும் பயிர் நிற்கும் வயலுக்குள்ளும் நுழையாமல், மரத்துக்குச் சேதம் செய்யாமல் இருந்தால், அடுத்தவர் காட்டில் எவரும் நடக்கலாம், காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம். அந்த உரிமைக்கு அவர்கள் சொன்ன பெயரை மூன்று முறை முயன்றும் என் வாயில் நுழைக்க முடியவில்லை. 'ஒவ்வொருவரின் உரிமை' என்பது போலப் பொருளாம்.

இதைக் கேட்டபோது எனக்கு வந்தது வியப்பல்ல, பொறாமை. கம்பெனி நிலத்தில் கம்பெனி லயத்தில் பிறந்து, கம்பெனி மரத்தடியில் கீரை பறித்து வளர்ந்தவர்கள் நாம். தோட்டம் கைமாறினால், துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டமாக மாறினால், மூட்டை கட்டிக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்கோ கூலிமுக்கோ போனவர்கள். நம் நாட்டில் அவர்கள் சொல்வது போன்ற சட்டம் இல்லை. வனக் காப்பகத்தில் மலையேற வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆனால் அனுமதி கேட்டால் கிடைக்கிறது, நாங்கள் வாங்கினோம். கேட்கலாம் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

அந்த மாணவிகள் இன்னொன்றும் கேட்டார்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மலை இருக்கிறதா, ஏறியிருக்கிறாயா என்று. இருக்கிறது. குனோங் ஜெராய், 1,217 மீட்டர். இடைநிலைப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் வகுப்புச் சன்னல் வழியே அதைப் பார்த்திருக்கிறேன். ஏறியதில்லை.

உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு வாரமும் பொட்டலம் இல்லை, விரைவுணவு இல்லை, அந்தந்த ஊர்க் கடையில் சாப்பிடுவது என்று உறுதி செய்துகொண்டோம். லக்சாவிலிருந்து தொடங்கினோம். கெடா லக்சாவில் தேங்காய்ப்பால் கிடையாது. மீனை அவித்து அரைத்த புளிப்புக் குழம்பு, அரிசிமாவுச் சேவை, மேலே வெள்ளரி, வெங்காயம், அவித்த முட்டை. மீன் குழம்பும் இடியப்பமும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அது தூரத்து உறவுதான்.

நான் மறக்க முடியாதது பாடாங் மாட்சிராட் பக்கம் வயலோரம் இருந்த ஒரு சோற்றுக்கடை. ஒரு மக்சிக் நடத்துகிறார். எதில் மாட்டிறைச்சி இருக்கிறது என்று கேட்டோம். முகம் சுளிக்காமல் ஒவ்வொரு சட்டியாகத் திறந்து காட்டி, இது ஆகும், இது ஆகாது என்று தள்ளி வைத்தார். சுட்ட கெம்போங் மீன், புளித்தண்ணீரில் வெங்காயமும் மிளகாயும் போட்ட ஆயிர் ஆசாம், சம்பல் பெலாச்சான், ஒரு தட்டு நிறைய ஊலாம். பச்சை இலைகளை அப்படியே சம்பலில் தொட்டுத் தின்ன வேண்டும். அதில் ஒன்றைக் காட்டி 'பெகாகா' என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியும், தேசியப் பள்ளியில் படித்தது. மென்று பார்த்தேன். அந்த ருசியும் தெரியும். தமிழ்ப்பள்ளி வளாகத்தில் ஆசிரியை நட்டுவைத்து, ஞாபகசக்திக்கு நல்லது என்று தின்னச் சொன்ன வல்லாரை! ஒரு பள்ளி வல்லாரை என்று சொல்லிக்கொடுத்தது, இன்னொரு பள்ளி பெகாகா என்று சொல்லிக்கொடுத்தது. இரண்டும் ஒரே இலை என்று சொல்ல ஒரு சோற்றுக்கடை தேவைப்பட்டது. மக்சிக்கிடம் தமிழ்ப் பெயரைச் சொன்னேன். 'வல்லாரை, வல்லாரை' என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு பிடி அள்ளி வைத்தார், காசு வாங்கவில்லை.

குவா என்றால் மலாயில் குழம்பு என்பது எல்லார்க்கும் தெரியும். ஏன் ஒரு பட்டணத்துக்குக் குழம்பு என்று பெயர்? இதையும் அவரே சொன்னார். மாட் ராயா, மாட் சின்சாங் என்று இரண்டு அரக்கர்கள் கல்யாண விருந்தில் சண்டை போட்டார்களாம். குழம்பு கொட்டிய இடம் குவா, சட்டி உடைந்த இடம் பெலாங்கா பெச்சா, சுடுநீர் சிந்திய இடம் ஆயிர் ஹங்காட். சண்டை போட்ட இருவரும் மலையானார்கள். தீவே சட்டியும் குழம்பும்தான் போலிருக்கிறது, நம்மவர் சட்டி வாங்குவதில் ஏதோ நியாயம் உண்டு என்று சிரித்துக்கொண்டோம்.

அரக்கர்களுள் ஒருவரான மாட் சின்சாங்கின் மேலும் வழிகாட்டியோடு ஏறினோம். கேபிள் காரில் கால் மணியில் போகும் உயரம். எங்களுக்கு அரை நாள் ஆனது. காலடியில் இருந்த மணற்பாறைக்கு ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது. இதற்காகவும் மற்றப் பாறைகளுக்காகவும்தான் 2007-இல் யுனெஸ்கோ லங்காவியைப் புவிப்பூங்காவாக ஏற்றது, தென்கிழக்காசியாவில் முதலாவதாக. டாயாங் புந்திங் தீவின் நன்னீர் ஏரியையும் கிலிம் சதுப்புக் காட்டையும் பார்த்தோம். அவை பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் வேண்டிய அளவு பேசுகின்றன. நான் சொல்ல விரும்புவது, இந்தத் தீவில் சுங்கை ராயா தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று ஒரு பள்ளி உண்டு என்பது. இங்கும் ரப்பர் மரம் வெட்ட நம்மவர் வந்திருக்கிறார்கள். முதலாமாண்டுப் பயணத்தில் எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

இனி நம் மேடைகளுக்கு வருகிறேன். கழகத்தின் பேச்சுப் போட்டி எதையும் 'கடாரம் கொண்டான்' இல்லாமல் முடித்ததாக நினைவில்லை. 1025-இல் இராசேந்திர சோழன் அனுப்பிய கடற்படை பற்றிக் கைதட்டல் அதிர முழங்குகிறோம். மெய்க்கீர்த்தியில் வரும் இலங்காசோகத்தை லங்காவி என்று அடித்துச் சொன்ன பேச்சாளரும் உண்டு. அறிஞர்கள் அதைப் பட்டாணி வட்டாரத்தில் அல்லவா வைக்கிறார்கள்! கப்பல்களுக்கு அடையாளமாக நின்ற மலை ஜெராய். அதன் அடிவாரத்தில் மெர்போக்கில் புக்கிட் பத்து பஹாட் சண்டி இருக்கிறது. அரங்கில் கடாரம் என்றதும் கைதட்டியவர்களில் எத்தனை பேர் அங்கே நடந்திருக்கிறோம்? 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கின் பதினோராம் எண் சண்டி நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது என்ற செய்தி வந்தபோது நம் சமுதாயம் பதறியது. இடிபடுவதற்கு முன் அதைப் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நாம் வாரந்தோறும் நடந்துபோகும் இடமாக அது இருந்திருந்தால், இடித்த பிறகா நமக்குச் சேதி வந்திருக்கும்?

மறுப்புகள் வரும், தெரியும். செலவு? ஆறு இரவுக்கு, ஃபெரி, விடுதி, பகிர்ந்துகொண்ட வாடகைக் கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆளுக்கு ஐந்நூறு ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஏழு நாளுக்கு அது கூடுதல் அல்ல. பெண்பிள்ளைகள்? இதுதான் உண்மையான தடை. என் தோழி ஒருத்தி வீட்டில் இன்றுவரை நாங்கள் 'பயிலரங்குக்கு' போனதாகவே நினைக்கிறார்கள். இப்படிப் பொய் சொல்லித் தனித்தனியே போவதைவிட, கழகமே அனுமதிக் கடிதம், வழிகாட்டி, உடன் வரும் விரிவுரையாளர் என்று முறையாக ஏற்பாடு செய்வது பெற்றோர்க்கும் நிம்மதி, நமக்கும் நல்லது. பிப்ரவரியில் மழையும் குறைவு.

திரும்பி வந்ததும் பாட்டிக்குப் படங்களைக் காட்டினேன். மலையையும் கடலையும் வேகமாகத் தள்ளிவிட்டு ஊலாம் தட்டில் நின்றார். "இது வல்லாரைடி. இதுக்குப் போயா காசு குடுத்த?" என்றார். பிறகு நான் கேட்டேன், நாற்பது வருசம் ஜெராய் அடியிலேயே இருந்தீர்களே, ஒரு தடவையாவது மேலே போனதுண்டா என்று.

"நம்மள யாரு விடுவா?"

"யாராச்சும் தடுத்தாங்களா பாட்டி?"

சற்று யோசித்தார். "கேட்டுப் பாத்ததில்லையே," என்றார்.

அடுத்த விடுமுறையின் முதல் இரண்டு நாள் ஜெராய்க்கு, மீதி ஐந்து நாள் லங்காவிக்கு என்று ஒரு திட்டத்தைச் செயலவையிடம் கொடுத்திருக்கிறேன். பெயர்ப்பட்டியல் கழக அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. இம்மலர் அச்சுக்குப் போகும் இன்றுவரை ஏழு பெயர்கள் வந்திருக்கின்றன, அவற்றில் ஐந்து பெண்கள். முன்னாள் மாணவர்களும் எழுதலாம்.